மெத்தனாலை விஷமாக்கும் புரோட்டீன்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு புரோட்டீனோட வரலாறு. நம்ம எல்லாரோட கல்லீரல்லயும் இருக்கிற புரோட்டீன்தான். ஆனா கதையைக் கள்ளக்குறிச்சியிலிருந்து தொடங்கணும்.

2024 ஜூன் 18, 19. கருணாபுரத்துல பாக்கெட் சாராயம் குடிச்சவங்க வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல்னு ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க. முதல் சாவுகள் வந்தப்போ, காரணம் சாராயம் இல்லைன்னு அதிகாரத் தரப்பிலிருந்தே பேச்சு வந்தது. கள்ளக்குறிச்சியில இடம் போதாம சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர்னு ஆட்களை அனுப்பினாங்க. 60-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க.

உடனே எல்லார் பார்வையும் கல்வராயன் மலை மேல திரும்பிச்சு. போலீஸ் மலையேறி பேரல் பேரலா ஊறலைக் கொட்டி அழிச்சது. 1976 வரைக்கும் மூணு ஜாகிர்தார்கள் கையில இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைஞ்சு கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சுதான் அங்க இருக்கிற மலையாளி பழங்குடி மக்கள் நேரடியா அரசு நிர்வாகத்துக்குக் கீழ வந்தாங்க. அங்க சாராயம் காய்ச்சுறது உண்மை, யாரும் மறுக்கல. ஆனா வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறவெச்சுக் காய்ச்சினா கிடைக்கிறது எத்தனால். கருணாபுரத்துல கொன்னது மெத்தனால். அது பெயின்ட், ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் போற கரைப்பான். ஊறல் பானையில அந்த அளவுக்கு மெத்தனால் உருவாகவே உருவாகாது. மலையைக் காட்டிப் பேசினப்போ இந்த வித்தியாசம் காணாமப் போச்சுன்னு நான் நினைக்கிறேன்.

இப்போ அந்தப் புரோட்டீன். பேரு ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ். கல்லீரல்ல இருக்கிற ஒரு என்சைம். எத்தனால் வந்தா அதை உடைச்சு வெளியேத்த உதவும். மெத்தனால் வந்தாலும் அதே வேலையைத்தான் பண்ணும், அதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான். ஆனா மெத்தனால் உடைஞ்சா ஃபார்மால்டிஹைடு, அதுக்கப்புறம் ஃபார்மிக் அமிலம். இந்த அமிலம் செல்லுக்குள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்துற இடத்தையே அடைச்சிடும். கண் நரம்புக்குத்தான் முதல் அடி. அதாவது மெத்தனால் தானா கொல்றது கம்மி. அதை விஷமா மாத்துறது நம்ம சொந்தப் புரோட்டீன்.

அப்போ அந்த என்சைமைத் தடுத்தா? நார்வேயில ஓலுஃப் ரோ-ன்னு ஒரு கண் மருத்துவர், 1940-கள்ல ஒண்ணைக் கவனிச்சார். மெத்தனாலோட சேர்த்து சாதாரண சாராயமும் குடிச்சவங்களுக்குப் பாதிப்பு குறைவா, தாமதமா வந்தது. காரணம், இந்த என்சைமுக்கு மெத்தனாலை விட எத்தனால் மேலதான் ஈர்ப்பு பல மடங்கு அதிகம். முதல்ல எத்தனாலைத்தான் பிடிக்கும், மெத்தனால் வரிசையில நிக்கும். விஷச் சாராயத்துக்கு மருந்து நல்ல சாராயம்னு சொன்னா ஜோக் மாதிரி இருக்கும். ஆனா இன்னைக்கும் வேற மருந்து கைவசம் இல்லாத ஆஸ்பத்திரிகள்ல எத்தனாலை அளந்து கொடுக்கிறாங்க. வீட்டுல யாரும் முயற்சி பண்ற விஷயம் இல்லை இது.

1955-ல நோபல் வாங்கின ஸ்வீடன் விஞ்ஞானி ஹூகோ தியோரெல் பல வருஷமா ஆராய்ச்சி பண்ணினது இதே என்சைமைத்தான். 1960-கள்ல அவர் குழு, பைரசோல் வகை மூலக்கூறுகள் இதை அடைச்சுடுதுன்னு காட்டினாங்க. அதுல ஒண்ணுதான் பின்னாடி ஃபோமெபிசோல் மருந்தா வந்தது. எத்தனாலை விட ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமா ஒட்டும், போதையும் தராது. மெத்தனால் விஷத்துக்கு அமெரிக்கா 2000-ல அனுமதி கொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2013-ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தது. விலைதான் பிரச்சினை. கள்ளக்குறிச்சி நேரத்துல இந்த மருந்து கையிருப்புல இருக்கான்னு அரசியல் சண்டையே நடந்தது. அதுல வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கிற ஒமிப்ரசோல் வேற வந்து கலந்து, பேர் குழப்பமே ரெண்டு நாள் செய்தியாச்சு.

மருந்து இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கு. ஒருத்தர் மெத்தனால் குடிச்சார்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்? நம்ம ஊர்ல பெரும்பாலும் பார்க்கிற அடையாளம், ரத்தத்துல ஏறின அமிலத்தன்மை. ஆனா அந்த அமிலம் ஏறிடுச்சுன்னா, என்சைம் ஏற்கெனவே பாதி வேலையை முடிச்சிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் டயாலிசிஸ் பண்ணி மிச்ச மெத்தனாலையும் அமிலத்தையும் வெளியேத்தணும். மெத்தனாலையே நேரடியா அளக்க கேஸ் குரோமட்டோகிராஃபி மாதிரி கருவி வேணும், மாவட்ட ஆஸ்பத்திரியில அது அரிது. லேப்ல சாராயத்தை அளக்கிற பல டெஸ்ட் கிட்ல இருக்கிறதும் இந்தப் புரோட்டீனோட ஈஸ்ட் வகைதான். அது எத்தனாலைக் காட்டும், மெத்தனாலைத் தவற விட்டுடும்.

பொதுவா குடிச்சதிலிருந்து 12 முதல் 24 மணி நேரம் வரைக்கும் பெரிசா ஒண்ணும் தெரியாது, சாதாரண ஹேங்ஓவர் மாதிரிதான் இருக்கும். கூட எத்தனாலும் உள்ள போயிருந்தா இன்னும் தள்ளிப்போகும். என்சைமை அடைக்க ஏத்த நேரம் அதுதான். அந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு வர்றவர் "நேத்து பாக்கெட் குடிச்சேன்"னு வாயைத் திறந்து சொன்னா போதும், ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் ஊசியை ஆரம்பிக்கலாம்.