தொப்புள் ஊசி போயிருச்சு, பயம் போகல



வீட்டுக்குப் பின்னாடி பத்து நாட்டுக்கோழி வச்சிருக்கறவங்களுக்கு யார் யார் எதிரின்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பகல்ல கீரி, ராத்திரியில மரநாய், காட்டுப்பூனை, காட்டோரமா இருந்தா நரி. கோழி கத்துச்சுன்னா யோசிக்காம ஓடிப்போய்க் கையை விட்டு இழுப்போம். அது கோழியை விட்டுட்டு நம்ம கையைக் கவ்விடும்.

அதுக்கப்புறம் ஊர்ல ரெண்டு பேச்சு வரும். ஒண்ணு, "கீரி தானே, நாய் கடிச்சாத்தான் ஊசி." இன்னொண்ணு, "ஆஸ்பத்திரிக்குப் போனா தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவாங்க." இந்த ரெண்டையும் நம்பி கடியை மறைக்கிற ஆளுங்க இன்னைக்கும் இருக்காங்க. அந்த ஊசியோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டா இந்தப் பயம் போகும்னுதான் இதை எழுதறேன்.

வெறிநோய் நாய்க்கு மட்டும் வர்றதில்லை. ஓநாய், நரி, கீரி, பூனை எல்லாத்துக்கும் வரும். 1831-ல் பிரான்சு நாட்டுல வெறி பிடிச்ச ஓநாய் ஒண்ணு பல பேரைக் கடிச்சுது. கடிபட்டவங்களைக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போய், பழுக்கக் காய்ச்சின கம்பியால காயத்துல சூடு வச்சாங்க. நம்ம பக்கம் சூட்டுக்கோல் வச்ச மாதிரியேதான். அந்த ஊர்ல அப்ப எட்டு வயசுப் பையனா இருந்தவர்தான் லூயி பாஸ்டர்.

அவருக்கு வழி காட்டினது கோழிங்கதான். 1880 வாக்குல அவர் கோழிக் காலராவை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். நாள்பட்டுப் பழசான கிருமியைக் கோழிகளுக்குப் போட்டப்ப அதுங்க சாகலை. அப்புறம் வீரியமான புதுக் கிருமியைப் போட்டும் சாகலை. கிருமியோட வீரியத்தைக் குறைச்சுக் கொடுத்தா உடம்பு அதை எதிர்க்கப் பழகிக்கும்னு அங்கே புரிஞ்சுது. அதே யோசனையை வெறிநோய்க்கும் கொண்டு போனார். நோய் கண்ட முயலோட தண்டுவடத்தை உலர வச்சு மருந்து செஞ்சார். 1885 ஜூலை 6-ம் தேதி, நாய் கடிச்சிருந்த ஜோசப் மைஸ்டர்ங்கற 9 வயசுப் பையனுக்கு முதல் ஊசி போட்டாங்க. பையன் பிழைச்சுக்கிட்டான். மறு வருஷம் ருஷ்யாவுல இருந்து ஓநாய் கடிச்ச 19 விவசாயிங்க பாரிசுக்கு வந்தாங்க. அதுல 16 பேர் பிழைச்சு ஊர் திரும்பினாங்க.

நம்ம நாட்டுல 1900-ல் இமயமலைப் பக்கம் கசௌலியில முதல் பாஸ்டர் நிறுவனம் வந்துச்சு. தெற்கே கடிபட்டவங்க அவ்வளவு தூரம் போய்ச் சேரணும். 1907-ல் குன்னூர்ல ஒண்ணு திறந்தாங்க. ஹென்றி பிப்ஸ்ங்கற அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த நன்கொடை அதுக்கு உதவுச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-லயே ஓட ஆரம்பிச்சிருச்சு. எங்க அப்பாரு காலத்துல "குன்னூருக்குப் போயிட்டான்"னு ஒருத்தரைப் பத்திச் சொன்னா, நாய் கடிச்சிருக்குன்னு ஊரே புரிஞ்சுக்கும்.

தொப்புள் ஊசி வந்தது இதுக்கு அப்புறம்தான். 1911-ல் கசௌலியில டேவிட் செம்பிள்ங்கற டாக்டர் ஆட்டு மூளையில இருந்து ஒரு மருந்து செஞ்சார். விலை குறைவு, நிறையச் செய்யலாம். ஆனா வீரியம் கம்மிங்கறதால தினம் ஒண்ணா பதினாலு நாள் வரைக்கும் போடணும். அளவும் அதிகம், அதனால வயித்துல போட்டாங்க. மூளைத் திசு கலந்திருந்ததால சில பேருக்கு நரம்பு பாதிச்சு கைகால் விழுந்ததும் உண்டு. அப்ப இருந்த பயத்துல நியாயம் இருந்துச்சு. ஆனா அது இல்லாம ஆயிரக்கணக்கான உயிர் போயிருக்கும், அதுவும் நிஜம்.

அந்த மருந்தை 2005 வாக்குல நம்ம நாட்டுல நிறுத்திட்டாங்க. இருபது வருஷம் ஆச்சு. இப்ப ஊசி கையிலதான். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-வது நாள், தோல்ல போடற சின்ன ஊசி. சதையில போட்டா 14-வது நாளும் ஒண்ணு சேரும். ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு கிடையாது.

நாய் கடிச்சா அதை 10 நாள் கட்டிப்போட்டுப் பாக்கலாம்னு சொல்வாங்க. அதுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கீரியை எங்க போய்க் கட்டிப்போட்டுப் பாக்கறது? ராத்திரி வர்ற மிருகம் பட்டப்பகல்ல, ஆளைக் கண்டும் பயப்படாம வந்துச்சுன்னா இன்னும் சந்தேகப்படணும்.

கடிபட்டா உடனே குழாயடியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்க. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் வர்ற அளவுக்குக் கடி ஆழமா இருந்தா காயத்துக்குள்ளயே போடற மருந்து ஒண்ணும் தருவாங்க. கிருமி நரம்பு வழியா மெதுவா மூளைக்கு ஏறும். அதுக்கு வாரக்கணக்கிலயும் ஆகலாம், மாசக்கணக்கிலயும் ஆகலாம். அது போய்ச் சேர்றதுக்குள்ள ஊசி வேலை செய்யணும். தண்ணியைக் கண்டு நடுங்க ஆரம்பிச்சிட்டா எந்த டாக்டராலயும் காப்பாத்த முடியாது.

இனிமே கோழி கத்துனா கையை நீட்டாதீங்க, ஒரு தடியை எடுங்க. பஞ்சாரத்துக்கு மேல ஒரு கல்லை வைங்க. கீரி குதறிப் போட்ட கோழியை வெறுங்கையில தொடாம மண்வெட்டியால அள்ளிப் புதைச்சிருங்க. போன கோழிக்குப் பதிலா இன்னொரு அடை வச்சுக்கலாம்.