பெயரிடாத கடிதங்கள்: நியூயோர்க்கில் குடியேறிய யூதரும் மன ஆறுதலும்

மனிதர் புலம்பெயர்ந்த வரலாறு அறிஞர் பலரால் ஆராயப்பட்டுள்ளது. கப்பல்கள், கூலி விகிதங்கள், குடிவரவுச் சட்டங்கள் ஆகியன பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. ஆயின், புதிய மண்ணில் காலடி வைத்தவன் தன் துயரை யாரிடம் கூறினான் என்னும் வினா அந்நூல்களுட் சிறிய இடத்தையே பெறுகின்றது. கண்ணீருக்குக் கணக்கேடு வைக்கும் வழக்கம் எந்த அரசிடத்தும் இருந்ததில்லை. அத்தகைய ஏடொன்று தற்செயலாக உருவான ஓர் இடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நியூயோர்க் நகராகும். அதனைச் சிறிது நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஊர் நினைவால் உண்டாகும் வருத்தத்தை நோயெனக் கொண்டு முதலிற் பெயரிட்டவர் யொகான்னஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவராவார். 1688ஆம் ஆண்டு பாசல் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வுரையில், 'மீளுதல்', 'வலி' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அந்நோய்க்குப் பெயர் அமைத்தார். பேண் நகரிலிருந்து பாசலுக்குக் கல்வி கற்க வந்து நலிவுற்ற மாணவன் ஒருவன், ஊருக்கு அனுப்பப்பட்டபோது தேறினான் என்பது அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று. திரும்பிச் செல்லுதலே அவர் கண்ட தலையாய மருந்து. திரும்பிச் செல்ல இயலாதவனுக்கு யாது மருந்து? இவ்வினாவுக்கு அவரது ஆய்வுரை தெளிவான விடை தரவில்லை. இரு நூற்றாண்டுகளின் பின்னர் இலட்சக்கணக்கான மக்கள் அதே வினாவை எதிர்நோக்க நேர்ந்தது.

1881இல் ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டதைத் தொடர்ந்து யூதர்மீது வன்செயல்கள் கட்டவிழ்த்து விடப்பட்டன. மறு ஆண்டு அவர்தம் குடியிருப்பையும் தொழிலையும் ஒடுக்கும் சட்டங்கள் பிறந்தன. வறுமையும் அச்சமும் துரத்த, அவ்வாண்டு தொடக்கம் 1914 வரை ஏறத்தாழ இருபது இலட்சம் யூதர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஐக்கிய அமெரிக்கா சென்றனர். அவருட் பெருந்தொகையினர் நியூயோர்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில், காற்றும் ஒளியும் குன்றிய அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்து, ஆடை தைக்கும் பட்டறைகளில் உழைத்தனர். ஏனைய நாட்டவர் சிலர் பொருள் ஈட்டிய பின் தாயகம் மீண்டனர். யூதருள் அவ்வாறு மீண்டோர் மிகச் சிலரே. எனவே, ஹோபர் கண்ட மருந்து இவர்களுக்கு எட்டாததாயிற்று.

இந்நிலையில் இவர்களுக்குத் துணையாக எழுந்தவற்றுள் முதலாவது ஊர்ச்சங்கமாகும். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் கூடி, நோயுற்றோர்க்கு உதவிப்பணமும், இறந்தோர்க்கு அடக்க நிலமும் அளிக்கும் சங்கங்களை நிறுவினர். அந்நிய மண்ணில் அநாதையாகப் புதைக்கப்படுவோமோ என்னும் அச்சத்தை இவை நீக்கின. ஆயினும், ஊரார் கூடும் இடத்தில் ஊரார் வாயும் உண்டு. தோல்வியையோ குடும்பத்தின் பிளவையோ அங்கே வெளிப்படையாகப் பேசுதல் எளிதன்று.

இரண்டாவது, கற்றோர் வறியோரிடையே சென்று தங்கிப் பணியாற்றும் நிலையங்களாகும். 1884இல் இலண்டனில் தோன்றிய இவ்வியக்கம் விரைவில் அமெரிக்க நகரங்களிற் பரவிற்று. 1889இல் சிக்காகோவில் ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் ஆகியோர் ஹல் இல்லத்தைத் தொடக்கினர். 1893இல் லிலியன் வோல்ட் என்னும் தாதி நியூயோர்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியிலே தமது பணியை ஆரம்பித்தார். ஆங்கில வகுப்பு, மருத்துவ உதவி, குழந்தைப் பராமரிப்பு ஆகியன இந்நிலையங்களிற் கிடைத்தன. குடியேறியோரின் அகத்துயரையும் ஜேன் அடம்ஸ் கூர்ந்து கண்டார். பெற்றோரைக் கண்டு பிள்ளைகள் நாணுவதே அவர் கண்ட பெருந்துயர். அதனைத் தணிக்கக் கருதி, முதியோர் தம் நாட்டு நூற்றல், நெசவு முதலிய கைவினைகளைச் செய்து காட்டும் தொழிற்காட்சிச்சாலை ஒன்றை 1900இல் ஏற்படுத்தினார். இத்தாலியச் சிறுமி ஒருத்தி, தாயோடு சேர்த்துத் தன்னை எவரும் எண்ணாதிருக்க வேறொரு வாயில் வழியே அந்த இல்லத்துட் புகுவாள் என்றும், தாயின் நூற்புத் திறனைப் பிறர் வியந்ததைக் கண்டபின் தாயோடு ஒரே வாயிலில் வரத் தொடங்கினாள் என்றும் அவர் எழுதியுள்ளார். ஆயினும், நிலையத்தாரின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. உதவி செய்வோர் ஒரு வகுப்பினர், பெறுவோர் மற்றொரு வகுப்பினர் என்னும் இடைவெளி அன்பினால் மட்டும் நிரம்புவதன்று.

மூன்றாவது துணை எதிர்பாராத இடத்திலிருந்து தோன்றியது. 1897இல் யிடிஷ் மொழியில் ஆரம்பிக்கப்பட்ட 'போர்வர்ட்ஸ்' என்னும் சமதர்மப் பத்திரிகையின் ஆசிரியர் ஏபிரகாம் கஹான். ருஷ்யப் பொலிசாருக்குத் தப்பி 1882இல் அமெரிக்கா வந்த இவர், குடியேறியோர்க்கு இரவு வகுப்புகளில் ஆங்கிலம் கற்பித்தவர். 1906ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி 'பின்டல் பிறீவ்' என்னும் பகுதியைத் தம் பத்திரிகையில் இவர் தொடக்கினார். 'ஒரு கட்டுக் கடிதங்கள்' என்பது அதன் பொருள். வாசகர் தம் இன்னல்களை எழுதினர். ஆசிரியர் அவற்றை வெளியிட்டு மறுமொழி கூறினார். பெரும்பாலான கடிதங்களிற் பெயர் இல்லை. எழுத அறியாதார்க்குப் பிறர் எழுதிக் கொடுத்தனர்.

அக்கடிதங்களுள் ஒன்று கடிகாரம் இழந்த ஏழைத் தாய் ஒருத்தியுடையது. அதனை எடுத்தவள் அயல்வீட்டுக்காரியே என அவள் ஐயுறுகின்றாள். பசியே அவளைத் தூண்டியிருக்கும் என்பதையும் உணர்கின்றாள். ஆகவே, அவளைப் பழியாது, அடகுச் சீட்டை மட்டும் தபாலில் அனுப்பிவிடும்படி பத்திரிகை வாயிலாக இரக்கின்றாள். எதிர் எதிரே வாழும் இருவர் நேரிற் பேச நாணியதைப் பத்திரிகை பேச வைத்தது. பிற கடிதங்களிலோ கைவிடப்பட்ட மனைவியர், மதம் மாறி மணக்க விழைவோர், பெற்றோரின் சமய ஒழுக்கத்துக்கும் தம் புதிய கொள்கைக்கும் இடையே தவிக்கும் இளைஞர் ஆகியோர் தோன்றுகின்றனர். குடும்பத்தைத் துறந்து மறைந்த கணவன்மாரின் புகைப்படங்களையும் இப்பத்திரிகை வெளியிட்டது. அத்தகையோரைத் தேடுவதற்கெனத் தனிப் பணியகம் ஒன்றே 1911இல் நிறுவப்பட்டது.

முன்பின் அறியாத ஆசிரியர் ஒருவரிடம் இவர்கள் நெஞ்சைத் திறந்தது ஏன்? ஊருக்கு எழுதும் கடிதத்தில் உண்மை முழுவதையும் எழுத இயலாது. எழுதினால் அங்குள்ளோர் கலங்குவர், அல்லது பழிப்பர். ஊர்ச்சங்கத்தில் முகம் தெரியும். நிலையத்தில் மொழி தடையாகும். தாய்மொழியும் பெயர் மறைவும் ஒருங்கே கிடைத்த இடம் பத்திரிகை ஒன்றே. தன்னுடையதைப் போன்ற துயரைப் பிறன் கடிதத்திற் படித்தவன், தான் தனியனல்லன் என உணர்ந்திருப்பான். ஆசிரியரின் அறிவுரையினும் இவ்வுணர்வே பெரிய மருந்தாயிருந்தது எனக் கொள்ளல் தகும்.

இக்கடிதங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமிடத்து எச்சரிக்கை தேவை. வந்தவை யாவும் அச்சேறவில்லை. அச்சேறியவை ஆசிரியர் கைபட்டுத் திருத்தம் பெற்றவை. அறிவுரையிலும் ஒரு சார்பு உண்டு. பேஸ்போல் ஆடும் மகனைக் குறைகூறிய தந்தை ஒருவருக்கு, பிள்ளைகளைப் பிறந்த நாட்டிலேயே அந்நியராக வளர்க்காது ஆடவிடுக என 1903இலேயே கஹான் விடையிறுத்திருந்தார். அமெரிக்கராதலே அவர் காட்டிய வழி. ஆயின், அவ்வழியின் முடிவில் யாதுளது என்பதை அவர் அறியாதவரல்லர். 1917இல் அவர் வெளியிட்ட 'டேவிட் லெவின்ஸ்கியின் எழுச்சி' என்னும் நாவலின் நாயகன், ஆடைத் தொழிலிற் பெருஞ்செல்வனாகியும், பழைய வறிய மாணவனாகிய தன்னையே மறக்க முடியாது தனிமையில் வாடுகின்றான். பிறர்க்கு மருந்து கூறியவர் தம் நோயைக் கதையாக எழுதினார் போலும்.

உளவளத்துணை இன்று ஒரு துறையாக வளர்ந்துள்ளது. அதன் கோட்பாடுகள் உருவாகுமுன்னரே அதன் அடிப்படை ஒன்றை ஒரு பத்திரிகைப் பக்கம் காட்டிற்று: துயருற்றோனுக்கு முதலில் வேண்டுவது, தன் மொழியில் நாணமின்றிப் பேச ஓர் இடமாகும். 1983இன் பின்னர் நம்மவருட் பல்லாயிரவர் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்குச் சென்றனர். ஊர்ச்சங்கங்களை அவர்களும் நிறுவினர். அவர்கள் அனுப்பிய பணத்தையும் படங்களையும் நம் இல்லங்கள் பெற்றுக்கொண்டன. அவர்கள் எழுதாது விட்டவை யாவை, அவற்றை எங்கே யாரிடம் கூறினர் என்று கேட்கும் கடன், வரலாறு பயிலும் நமக்கு உண்டு. கூறியவர்கள் உள்ளபோதே அதனைக் கேட்டல் நன்று.