இட்லித் தட்டிலிருந்து லண்டன் மேடை வரை: விசை கேம்ஸ் கதை



விடுமுறை வந்தாலே நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல்தான்: "பிள்ளைகள் போனை விட்டு நிமிர்வதே இல்லை." நியாயமான புலம்பல். கூடவே ஒன்று கேட்கிறேன். அந்தத் திரையில் ஓடுவதை யார் செய்கிறார்கள், எங்கே உட்கார்ந்து செய்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்கு, நம் அடுப்படியையே வீடியோ கேமாக்கிய ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் ஜப்பானுக்கு ஒரு நடை போய் வருவோம்.

பிகாச்சு யார் என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் தூக்கத்திலும் பதில் சொல்வார்கள். அந்த மஞ்சள் உருவத்தைத் தந்த கேம் ஃப்ரீக் தொடக்கத்தில் கேம் செய்யும் நிறுவனமே அல்ல. 1983இல் சதோஷி தஜிரி என்ற இளைஞர் கையால் எழுதி, நகலெடுத்து, ஸ்டேப்ளர் அடித்து விற்ற பத்திரிகையின் பெயர் அது. (நம் காலாண்டிதழைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கவனிக்கவும்!) அந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் படம் வரைய வந்து சேர்ந்தவர் கென் சுகிமோரி. அடுத்தவர் செய்த கேம்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள், 1989இல் தாங்களே நிறுவனமாகி 'குவின்டி' என்ற முதல் கேமைக் கொண்டுவந்தார்கள்.

தஜிரி வளர்ந்தது டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில். சிறுவயதில் குளத்தங்கரையிலும் வயல் வரப்பிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கூட்டாளிகள் அவரை "பூச்சி டாக்டர்" என்றுதான் கூப்பிட்டார்களாம். பிறகு நகரம் பெருத்தது, அந்த இடங்களெல்லாம் கட்டடங்களாயின. பூச்சி பிடிக்கும் அந்தச் சந்தோஷத்தை அடுத்த தலைமுறைக்கு எப்படியாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். இரண்டு கேம் பாய் கருவிகளை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. போகிமான் அங்கிருந்து பிறந்தது. 1990இல் தொடங்கிய வேலை, பணமுடையில் தட்டுத்தடுமாறி, 1996 பிப்ரவரியில்தான் கடைக்கு வந்தது.

நம் நாட்டில் இந்தத் தொழில் வேறு விதமாக வளர்ந்தது. பெங்களூரில் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் 1997இலிருந்து கேம் வேலை செய்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் கேம்களுக்குக் காரும் கட்டடமும் மரமும் வரைந்து கொடுப்பதுதான் அதன் பெரும் பிழைப்பு. 2019இல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. குறை சொல்வதற்கில்லை, ஆயிரக்கணக்கானோர் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஆனால் இங்கே வரைந்த காரை உலகமே ஓட்டியபோதும், அது ஓடிய கதை வேறு யாருடையதாகவோ இருந்தது.

நம் கதை கேமாக வந்தது கனடாவின் டொராண்டோவிலிருந்து. தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் அங்கே குடிபெயர்ந்த அபி என்பவர் ஒரு சின்னக் குழுவோடு நடத்தும் நிறுவனத்தின் பெயர் விசை கேம்ஸ். ஆம், நம் தமிழ் 'விசை'தான். 2023 ஜூலை 31 அன்று அவர்கள் வெளியிட்ட கேமுக்கு 'வெண்பா' என்று பெயர். சாம் எல்கானாவின் ஓவியத்தில் அதன் பாத்திரங்கள் மட்டுமல்ல, சட்டி பானைகளும் அழகு.

1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, பாவலன் என்ற தம்பதியும் அவர்களுடைய மகன் கவினும்தான் கதை. இதில் சுடுவது கிடையாது, ஓட்டுவது கிடையாது. சமைக்க வேண்டும். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை நீங்களே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் பாடம் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும்? நம் வீட்டுப் பெண்கள் அரை நொடியில் செய்வார்கள். வாழ்க்கையில் ஒருநாளும் இட்லிப் பானையைத் தொடாத ஆண்கள் (பெயர் சொல்லவில்லை) கொஞ்சம் திணறுவார்கள். தவறினாலும் அபராதம் இல்லை, மறுபடி செய்யலாம். அடுத்தடுத்துப் புட்டு வருகிறது, பிரியாணி வருகிறது. பின்னணியில் வானொலி பாடுகிறது. ஆல்ஃபா சம்திங் என்ற இசையமைப்பாளர், தமிழ் சினிமாப் பாட்டு ஒவ்வொரு காலத்திலும் எப்படி ஒலித்ததோ அந்தச் சாயலில் புதிதாகவே பாட்டுகள் போட்டிருக்கிறார்.

எனக்கு அதிகம் பிடித்தது வேறொன்று. வெளிநாடு போன குடும்பங்களின் கதையைப் பெரும்பாலும் அங்கே வளர்ந்த பிள்ளைதான் சொல்லும்: பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள், என் பெயரை யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று. அபி அதைத் தாயின் பக்கமிருந்து சொல்கிறார். தமிழில் கேட்டதற்கு மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது அடுப்படியில் நிற்பவளுக்கு என்ன நேர்கிறது என்பதை, அவள் கையாக இருந்து நீங்கள் பார்க்கிறீர்கள். பிறகு ஒரு கட்டத்தில், வளர்ந்துவிட்ட கவின் அந்தக் குறிப்பேட்டைத் தானே திறந்து சமைக்க வேண்டிவருகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் மிகப் பெரிய பரிசு வெண்பாவுக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே லண்டனில் பாஃப்டா, சிறந்த அறிமுக கேம் என்று விருது கொடுத்தது. பல கோடி செலவில் நூற்றுக்கணக்கானோர் செய்யும் கேம்கள் வரும் துறையில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஓர் இட்லிக் கதைக்கு!

இதை மணமேல்குடியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். நம் பகுதியில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத வீடு குறைவு. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைக்கும் அப்பத்தாவுக்கும் நடுவில் நின்று ஒருவர் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதை நம் வாசல்களிலேயே பார்க்கலாம். அப்பத்தாவின் மீன்குழம்புக்கு எந்த மீனுக்கு எவ்வளவு புளி என்ற கணக்கு எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அது அவர் கையில் இருக்கிறது. கேட்டால், "கண்ணளவுதான்டா" என்பார்.

ஆகவே ஒரு யோசனை. வெண்பா கணினியில் ஸ்டீம் வழியாகக் கிடைக்கிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் கருவிகளிலும் உண்டு. அடுத்த பொதுக்குழுக் கூட்டம் முடிந்ததும், சங்க அறையிலுள்ள பெரிய திரையில் எல்லோரும் சேர்ந்து ஆடலாம். பொத்தானை அழுத்தும் வேலை பிள்ளைகளுக்கு, அடுத்து என்ன போட வேண்டும் என்று சொல்லும் வேலை பாட்டிகளுக்கு. வசனங்களைத் திரையில் படிக்க வேண்டியிருக்கும், பெரியவர்கள் கண்ணாடியை மறக்காதீர்கள். வீட்டில் பழைய சமையல் குறிப்பேடு, கடிதத்தில் எழுதி வந்த பக்குவம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். குறிப்பேடே இல்லாத வீட்டுப் பிள்ளைகள், அதற்குள் அப்பத்தாவிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரலாம். அடுத்த இதழில் அவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.