சீலோவாம் கோபுரமும் மௌலிவாக்கமும்



ஐயப்பன்தாங்கலில் வாழும் நமக்கு மௌலிவாக்கம் அயலூர் அன்று. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், அங்கே கட்டப்பட்டுவந்த 11 மாடிக் குடியிருப்பு நொடிப்பொழுதில் சரிந்து மண்மேடாயிற்று. அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் விரைந்து வந்து இரவும் பகலும் தேடினர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 61 பேர் மாண்டனர். மாண்டவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த எளிய தொழிலாளர். தாங்கள் ஒருநாளும் குடியேறப்போகாத வீடுகளை அவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடி விழுந்ததே காரணம் என்ற பேச்சு உடனே எழுந்தது. விதி என்றனர் சிலர். இத்தகைய பேச்சு நம் ஆண்டவரின் காலத்திலும் இருந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மடிந்ததை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மடிந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் அங்கே வெளிப்படையாக மறுக்கிறார். கேட்டு நின்றவர்களையே மனந்திரும்பச் சொல்கிறார். இதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மௌலிவாக்கத்தில் நடந்ததை ஆராய நீதிபதி ரகுபதி தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. இடி அன்று, கட்டமைப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. மாடிகளின் பாரம் முழுவதும் இறுதியில் கீழ்த்தளத் தூண்களின்மேல் இறங்குகிறது. ஒரு தூண் தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துத் தூணுக்குச் செல்லும். அதுவும் ஏற்கெனவே தன் எல்லையில் நின்றால், அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாம் விழும். தூணின் அளவையும் கம்பியின் கனத்தையும் காகிதத்தில் குறிக்கும்போதே இந்த வீழ்ச்சி தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படுவதுதான் பின்னர்.

கனடாவின் கியூபெக் நகரருகே 1907 ஆகஸ்ட் 29 அன்று நடந்ததும் இதுவே. பாலத்தின் நடுக்கண் 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்டது. எடையோ உரிய நேரத்தில் மறுபடி கணக்கிடப்படவில்லை. விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே இரும்பு உறுப்புகள் வளைவதைப் பணியிடத்தில் அளந்து அறிந்திருந்தார்கள். அவை முன்னரே வளைந்திருந்தவை என்று சிலர் வாதிட்டனர். இளம் பொறியாளர் ஒருவர் நேரில் சொல்ல, ஆலோசகர் தியடோர் கூப்பர் இருந்த நியூயார்க்கிற்கே ரயிலேறிச் சென்றார். கூடுதல் பாரம் ஏற்ற வேண்டாமென்று கூப்பர் தந்தி கொடுத்தார். அது சென்றதோ இரும்பு உறுப்புகளைத் தயாரித்த நிறுவனத்துக்கு. பாலத்தின்மேல் நின்றவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. அன்று மாலையே பாலம் ஆற்றில் விழுந்தது. 75 பேர் இறந்தனர். அவர்களில் 33 பேர் ககனவாகே என்னும் ஒரே பூர்வகுடிக் கிராமத்தார். எத்தனை வீடுகளில் ஒரே இரவில் ஒப்பாரி எழுந்திருக்கும்!

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டுமென்ற கட்டளை உண்டு. அங்கே தவறி விழுகிறவனின் கவனக்குறைவு பேசப்படவில்லை. இரத்தப்பழி வீட்டைக் கட்டினவன்மேல் வருகிறது. நம் சபையில் மேஸ்திரிகள் இருக்கிறீர்கள், பொறியாளர்கள் இருக்கிறீர்கள், தவணையில் வீடு வாங்கத் தேடுகிறவர்களும் இருக்கிறீர்கள். விலையையும் தண்ணீர் வசதியையும் கேட்கும் நாம், மண் பரிசோதனை அறிக்கையையும், வரைபடத்தில் கையொப்பமிட்ட கட்டமைப்புப் பொறியாளர் யார் என்பதையும் கேட்போமாக.

சரிந்த கட்டடத்தின் அருகில், அதே வளாகத்தில், இரண்டாவது கோபுரம் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நின்றிருந்தது. அது பாதுகாப்பற்றது என்று முடிவாகி, சுற்றிலும் வசித்தோரை அப்புறப்படுத்தியபின், 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதுவும் சில நொடிகளில் விழுந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.