விருந்தும் மருந்தும் ஒரு சொல்லில்

மாணவர் கட்டுரைகளில் 'ஆஸ்பத்திரி' என்னும் சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் அடித்து, அதன்மேல் 'மருத்துவமனை' என்று எழுதுவது பதினெட்டு ஆண்டுகளாக என் வழக்கம். அண்மையில் ஒரு மாணவி அவ்வாறு அடித்த இடத்தைக் காட்டி, "ஐயா, இது எங்கேயிருந்து வந்த சொல்?" என்று கேட்டாள். "ஆங்கிலம்" என்று சொல்லிக் கடந்துவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "பத்திரி என்றால் இலைதானே ஐயா? பச்சிலை கொடுக்கும் இடமாக இருக்கும்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது பிழைதான். ஆயினும் என் ஒற்றைச்சொல் விடையைவிட அவன் சற்று அதிகமாகவே சிந்தித்திருந்தான் என்பது மாலையில் வீடு திரும்பும்போது உறைத்தது.

அண்ணனூரில் மின்தொடர்வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் எதிரே நிற்பது அரசுப் பொது மருத்துவமனை. 2011இல் அதற்கு ராஜீவ் காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. எங்கள் பக்கத்து முதியோருக்கோ அது என்றும் 'பெரியாஸ்பத்திரி'தான். 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரர்களுக்காகத் தொடங்கப்பெற்று, 1772இல் இப்போதைய இடத்திற்கு வந்தது. 'ஹாஸ்பிடல்' என்பது நம் நாவில் 'ஆஸ்பத்திரி' ஆயிற்று. முதலிலுள்ள ஹகரம் நமக்கு ஆகாது, உதிர்ந்தது. இறுதி லகரம் ரகரமானது நமக்குப் புதிதன்று. பந்தல் பந்தராகவும் சாம்பல் சாம்பராகவும் மாறுவதைக் கடைப்போலி என்று நாமே பாடம் நடத்துகிறோம். தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் ஏறத்தாழ இதே வடிவில்தான் வழங்குகின்றனர். சிங்களத்தின் 'இஸ்பிரிதாலய' போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றது.

ஆங்கிலமும் இச்சொல்லைக் கடன்தான் வாங்கியது. மூலம் இலத்தீனத்து 'ஹோஸ்பெஸ்'. அதன் பொருள் விருந்தினர். விருந்தோம்புபவரும் அதே சொல்லால்தான் குறிக்கப்பட்டார். அதிலிருந்து 'ஹோஸ்பிடாலே', அதாவது விருந்தினர் தங்கும் இல்லம். நோய், மருந்து, மருத்துவன் என்ற கருத்துகளின் சாயலே இச்சொல்லின் வேரில் இல்லை! யாத்திரிகர், வறியோர், வீடற்றோர் வந்து தங்கினர். வழிநடையில் நோயுற்றவரும் அவர்களுள் இருந்தனர். காலப்போக்கில் மற்றவர் வெளியேற, நோயாளி மட்டும் உள்ளே தங்கினார். நலமாக வெளியேறியவர்களுக்கு அதே வேரிலிருந்து 'ஹாஸ்டல்', 'ஹோட்டல்' என்னும் சொற்கள் கிளைத்தன. பாரிசு நகரின் பழைய மருத்துவமனைக்குப் பெயர் 'ஓட்டல் தியூ', இறைவனின் இல்லம். நம்மூர் ஓட்டலும் அதுவும் உடன்பிறந்த சொற்களே. ஒல்லாந்தர் மருத்துவமனையை முன்னாளில் 'காஸ்த்ஹவுஸ்' என்றனர். நேர்ப்பொருள் விருந்தினர் வீடு. கிரேக்கத்திலும் இக்கதை உண்டு: பைசாந்தியக் காலத்தில் அயலாரையும் நோயாளரையும் ஏற்ற 'செனொதோக்கியோன்' என்னும் சொல், இன்றைய கிரேக்கத்தில் தங்கும் விடுதியைக் குறிக்கிறது. செருமானியர் பின்னர் 'கிராங்கன்ஹவுஸ்', நோயாளர் வீடு, என்று நேர்ப்படச் சொல்லிவிட்டனர். நம் 'மருத்துவமனை'யும் அவ்வகையே. தெளிவான சொல், ஆனால் விருந்தினர் அதில் இல்லை.

இன்னொரு கிளையையும் சொல்லவேண்டும். ஹோஸ்பெசுக்கு உறவான 'ஹோஸ்டிஸ்' முதலில் அயலானைக் குறித்துப் பின்னர் பகைவனைக் குறித்தது. ஒரே குடும்பத்தில் ஒருவன் விருந்தினன், மற்றவன் பகைவன். இது நமக்கு வியப்பாகத் தோன்றலாகாது. விருந்து என்பதற்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் நூலின் வனப்புகளுள் ஒன்றாக அப்பொருளில்தான் அதை வைத்தார். புதிதாய் வந்தவர் விருந்தினர் ஆனார். வம்பு என்பதற்கும் உரையாசிரியர்கள் புதுமை என்று பொருள் கூறுவர். சங்க இலக்கியத்தில் வம்பலர் என்போர் வழிச்செல்லும் புதியவர். இன்று 'வம்பு' என்றால் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாயிலில் நிற்கும் புதியவரை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் ஐயம் எல்லா மொழிக்கும் இருந்திருக்கிறது.

அப்படியானால் தமிழ்நாட்டில் நோயாளியின் இல்லத்திற்கு என்ன பெயர்? காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து (1063–1070) நீண்ட கல்வெட்டொன்று உண்டு. அதில் 'வீரசோழன்' என்னும் பெயரால் ஓர் ஆதுலசாலை குறிக்கப்படுகிறது. பதினைந்து படுக்கைகள்; ஒரு மருத்துவர்; சல்லியக் கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்வான் ஒருவன்; மருந்து கொணர்வோர்; நோயாளரைப் பேணும் பெண்கள்; ஒரு நாவிதன். இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்களும் இரவில் எரிக்கும் விளக்கும்கூடக் கல்லில் உள்ளன. அங்கே படுத்தவர்கள் வேதம் பயின்ற மாணவர், ஆசிரியர், கோயிற்பணியாளர் ஆகியோர். மாணவர்க்கு உணவும் உறைவிடமும் அதே அறக்கட்டளையிலிருந்துதான். விடுதியும் மருத்துவமும் இங்கும் ஒரு கூரையின் கீழ்! அதே பதினோராம் நூற்றாண்டில்தான் எருசலேமில் யாத்திரிகருக்கான விடுதி எழுந்து, அதனை நடத்தியோர் 'ஹாஸ்பிட்டலர்' என்னும் துறவியர் அமைப்பாயினர். 1113இல் போப்பாண்டவர் அதனை ஏற்றார்.

ஆதுலர் என்பதும் வடமொழி 'ஆதுர' என்பதன் திரிபே. கடன் வாங்காத சொல்லைத் தேடிப் போனவன் இங்கும் ஏமாந்தேன். ஆனால் தமிழில் அச்சொல் நோயாளியோடு வறியவரையும் குறிக்கலாயிற்று. முப்பத்திரண்டு அறங்களுள் ஆதுலர் சாலையும் ஒன்று.

சென்ற ஆண்டு என் தந்தையார் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள்கள் இருந்தார். இரவுகளில் நான் நடைவழியில் செய்தித்தாள் விரித்துப் படுத்தேன். காவலர் ஒவ்வோர் இரவும் தட்டியெழுப்பி, "யார் நீங்க, எந்த வார்டு?" என்பார். நான்காம் இரவில், பக்கத்தில் படுத்திருந்த திருவள்ளூர்க்காரப் பெரியவர் தம் தூக்குவாளியைத் திறந்து இரண்டு இட்லிகளை என்பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க தம்பி" என்றார். அவர் பெயரைக் கேட்கவும் மறந்துபோனேன்.

மறுவாரம் அம்மாணவியின் கட்டுரையைத் திரும்ப வாங்கினேன். சிவப்பு மையை அழிக்க வழியில்லை. ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன்.