பாட்னா உருண்டை

கசகசா இல்லாமல் நம் ஊர்க் குருமா இல்லை. அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். விதையில் போதை இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் பெட்டியில் கசகசா வைக்காதே என்று வீட்டில் சொல்லி அனுப்புவது இந்த உறவால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பீகார் வயல்களில் பிறந்த அபினுக்கு ஒரே முதலாளி, கிழக்கிந்தியக் கம்பெனி. விவசாயிக்கு முன்பணம் கொடுத்ததும், விலையைத் தீர்மானித்ததும் அதுவே. பிற்பகலில் காயைக் கீறிவிடுவார்கள். இரவெல்லாம் கசிந்து பழுப்பேறிய பாலை விடிந்ததும் சுரண்டி எடுத்து, மண்பானையில் பாட்னாவுக்கோ காஜிப்பூருக்கோ அனுப்புவார்கள்.

அங்கே உட்கார்ந்த இடத்தில் உருண்டை பிடிக்கவே ஆட்கள் இருந்தார்கள். பித்தளைக் கிண்ணத்தில் அந்தச் செடியின் பூவிதழ்களையே அடுக்கடுக்காகப் பரப்பி, நீர்த்த அபினைப் பசையாகத் தடவி, நடுவில் கெட்டி அபினை வைத்து மூடுவார்கள். தேங்காய் அளவு, ஒன்றரைக் கிலோ எடை. மாதக்கணக்கில் உலர்ந்தபின் பெட்டிக்கு நாற்பது.

கல்கத்தா ஏலத்தோடு கம்பெனி கை கழுவிக்கொள்ளும். சீனா 1729லேயே அபின் புகைப்பதற்கு எதிராக ஆணை போட்டிருந்தது. தேயிலை வாங்கும் கம்பெனி அங்கே கடத்தல்காரன் என்று பெயரெடுக்கலாமா? தனியார் கப்பல்கள் சுமந்தன. சீனத் துறைமுகமான கான்டனுக்கு வெளியே லிண்டின் தீவருகே நங்கூரமிட்ட கப்பல்களில் சரக்கு இறங்க, துடுப்புப் படகுகள் வெள்ளியைக் கொடுத்து வாங்கிப்போயின.

கரையில் உருண்டையின் ஓட்டை உரித்து, உள்ளிருந்ததை நீரில் கரைத்து, வடிகட்டி, பாகாகக் காய்ச்சினார்கள். ஊசி முனையில் ஒரு துளியை விளக்கில் வாட்டிக் குழாயில் வைத்து, படுத்தபடி இழுப்பார்கள். முதலில் ஒரு குழாய் போதும். போகப்போக அதே சுகத்துக்கு நாலைந்து வேண்டும். அப்புறம் சுகமும் இல்லை. வேதனை வராமலிருக்கவே புகைக்க வேண்டும். வேளை தவறினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு, கைகால்களில் தாங்கமுடியாத குடைச்சல். அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கிவிடும். புகைப்பவனுக்கு மனவுறுதி இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. இந்த உருண்டையை அவன் கைக்குக் கொண்டுசேர்த்தவர்களின் உறுதியைப் பார்த்தால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

1820 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 பெட்டி இறங்கியது, 1838இல் 40,000 அளவுக்கு ஏறியது. மறு ஆண்டு லின் செக்சு என்ற அதிகாரி 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறித்து, ஹூமென் கரையில் பள்ளம் வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். அதற்குமுன் கடல் தெய்வத்துக்குப் படையலிட்டு மன்னிப்பும் கேட்டார். பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. தோற்ற சீனா 1842இல் நான்கிங்கில் 2.1 கோடி வெள்ளி டாலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது; அதில் 60 லட்சம் அழித்த அபினுக்கு விலை. லின் அதற்கு முன்பே பதவி பறிக்கப்பட்டு நாடுகடத்தலுக்கு ஆளாகியிருந்தார்.

1858இல் சீனாவில் அபின் சுங்கம் கட்டி இறக்கும் சட்டபூர்வச் சரக்காகிவிட்டது. 1907இல் பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்திய ஏற்றுமதி படிப்படியாகக் குறைந்து நின்றது. அதற்குள் சிச்சுவானிலும் யுன்னானிலும் சீன விவசாயிகளே பயிரிட்டு, இறக்குமதியைவிடப் பல மடங்கு அபின் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.