ஊறும் மை, ஒட்டும் பொடி

வைஃபையில் இயங்கும் பிரிண்டர் கேட்டுக் கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: வீட்டுக்கு இங்க் டேங்க், ஆபீசுக்கு லேசர். தோல் தொழில் வட்டாரத்தில் இந்த விதி எவ்வளவு தூரம் செல்லும் என்று எடைபோட்டுப் பார்ப்போம். ஒரு தட்டில் வேலூர் சத்துவாச்சாரியில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஒரு வீடு. மறு தட்டில் ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு சிறு ஜாப் வொர்க் கம்பெனி. (2019இல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, வெயிலும் தொழிலும் இன்னும் பொதுச் சொத்துதான்.)

இரண்டு அச்சு முறைகளையும் விளங்கிக்கொள்ள இங்குள்ள டேனரிகளே போதும். அனிலின் தோலில் சாயம் நாருக்குள் ஊறிவிடும். மயிர்க்கால் துளையும் பழைய தழும்பும் மறையாமல் தெரியும். பிக்மென்ட் பூச்சிட்ட தோலில் நிறம் மேலே படலமாக நிற்கும். சூட்டோடு அழுத்தி அதைப் படியவைக்கிறார்கள். இங்க் டேங்கின் சாய மை முன்னதைப் போலத் தாளின் நாருக்குள் இறங்குகிறது. லேசரின் டோனரோ பின்னதன் இனம்: நுண்ணிய பிளாஸ்டிக் பொடி, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் உருகி, உருளைகளின் அழுத்தத்தில் தாளின் மேல் ஒட்டுகிறது. குறைகளும் அவ்வாறே பிரிகின்றன. ஊறியது ஈரம் பட்டால் கசியும். ஒட்டியது மடிப்பில் உதிரும். மழையில் லாரியேறிச் சென்னைத் துறைமுகம் போகும் பேக்கிங் லிஸ்ட்டுக்கு முதல் குறைதான் ஆபத்து. அதனால்தான் பல இங்க் டேங்க் மாடல்களில் வண்ணங்களுக்குச் சாய மையும் கறுப்புக்கு மட்டும் பிக்மென்ட் மையும் வைக்கிறார்கள். சாயமும் மெல்லிய பூச்சும் சேர்ந்த செமி அனிலின் தோலின் சமரசம் இது.

எதிர்பாராத உறவு இன்னொன்றும் உண்டு. சூடு லேசருக்கே உரியது என்று நினைக்கிறோம். ஆனால் கேனன், எச்பி இங்க் பிரிண்டர்களும் மையைக் கணநேரம் கொதிக்கவைத்து, எழும் குமிழியால்தான் துளியைத் தள்ளுகின்றன. எப்சனோ மின்சாரம் பட்டு அசையும் படிகத்தை நம்புகிறது. 1977இல் அந்தக் குமிழி முறைக்கு வித்திட்ட கேனனின் எஞ்சின்தான் 1984இல் வெளிவந்த எச்பி லேசர்ஜெட்டுக்குள்ளும் இருந்தது. அன்றைய விலையில் லேசரை ஆபீஸ்தான் வாங்க முடியும். கடைக்காரரின் விதியில் அந்த விலையின் நிழல் இன்னும் விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பயன்பாட்டைப் பார்ப்போம். வீட்டில் ஜூனில் ஒரு புராஜெக்ட், தேர்வுக்கு முன் ஒரு ஹால் டிக்கெட். இடையில் வாரக்கணக்கில் பிரிண்டர் தூங்கும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் மே மாதத்தில் இங்க் டேங்கின் துளைகளில் மை காய்ந்துவிடலாம். ஹெட் கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மை வீணாகும், கழிவு மைப் பஞ்சும் நிரம்பும். டோனர் ஏற்கெனவே உலர்ந்த பொருள். அதற்குக் காய என்ன இருக்கிறது? கம்பெனியில் நிலைமை நேர்மாறு. ஸ்டைல் ஷீட், சாம்பிள் படம், நிற அட்டவணை என்று தினமும் வண்ணத்தில் அச்சிடுவதால் மை ஓடிக்கொண்டே இருக்கும். கலர் லேசருக்கு நான்கு டோனர் வாங்கும் செலவும் இல்லை.

ஆக, விதி தலைகீழாகிறது: அரிதாக அச்சிடும் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை லேசர், தினமும் அச்சிடும் கம்பெனிக்கு இங்க் டேங்க். பிள்ளைகளின் கலர் மேப்புக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை இருக்கவே இருக்கிறது. ஆனால் மின்சாரம் லேசருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். சூடேறும்போது அது பல நூறு வாட் இழுப்பதால் வீட்டு இன்வெர்ட்டர் திணறும். இங்க் டேங்குக்குச் சில வாட் போதும். இன்வாய்ஸும் இ-வே பில்லும் மட்டுமே அச்சிடும் கம்பெனியானால் லேசரே மேல்.

தாளை இழுக்கும் ரப்பர் உருளை இரண்டிலும் ஒன்றே. தோல் விளிம்பைச் சீவும் ஸ்கைவிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் தூள் படிந்து இரண்டும் ஒரே மாதிரி வழுக்கும்.

கடைசியாக வைஃபை. ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ என்ற புலம்பலுக்கு மையும் தெரியாது, டோனரும் தெரியாது. விலை குறைந்த மாடல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கொடுத்தால் அவற்றின் கண்ணில் ரௌட்டரே படாது. கரண்ட் போய் வந்ததும் ரௌட்டர் புதிய ஐபி முகவரி கொடுக்கலாம். கம்ப்யூட்டரோ பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். கம்பெனியில் இன்னொரு சிக்கல்: தகரக் கூரையும் இரும்பு ரேக்குகளும் அலையைச் சிதறடிக்கும். ஆகவே கம்பெனிக்கு வாங்குகிறவர் லேன் கேபிள் செருகும் வசதியுள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். வீட்டில் அந்தப் பணத்தை மிச்சம்பிடித்து, பிரிண்டருக்கென ஒரு ஐபியை ரௌட்டரில் ஒதுக்கி வைத்தால் போதும்.